தைஸ்யாவின் பூனைகள்

செப்டம்பர் முடிந்து ஆற்றோரத்தில் பனி விளிம்பு கட்டுமுன் வேட்டைக்காரர்கள் எல்லோரும் படகேறிக் காட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வருடம் லுக்யானின் படகில் மாவு மூட்டைகள், பெட்ரோல் பீப்பாய், பொறிகள் அடைத்த சாக்கு, இரண்டு நாய்கள் எல்லாம் ஏறிய பிறகு, கடைசியாக ஒரு மரப்பெட்டியும் ஏறியது. பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டிருந்தது. உள்ளேயிருந்து பிள்ளை அழுவதுபோல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

படகைத் தள்ளிவிட வந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரைக் கடத்திட்டுப் போற, லுக்யான்?"

"பூனை."

"எலிக்கா?"

"எலிக்குந்தான்."

எலிக்காகக் காட்டுக்குப் பூனை கொண்டுபோவது அந்த ஊரில் புதிதல்ல. காட்டெலிகள் ஒரே குளிர்காலத்தில் மாவையும் தின்னும், பொறியில் விழுந்த சோபொலின் தோலையும் கடித்துக் கந்தலாக்கும். சோபொல் என்பது கீரியைப் போன்ற ஒரு சின்ன விலங்கு. அதன் கருந்தோலுக்காகத்தான் அத்தனை பேரும் சைபீரியாவின் யெனிசெய் ஆற்றின் கிளைகளுக்குள் போய் மாதக்கணக்கில் தனியே கிடக்கிறார்கள். அதனால் காது கிழிந்த ஏதோ ஒரு தெருப்பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோவார்கள். வசந்தத்தில் அது திரும்பி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஆனால் லுக்யானின் பெட்டியில் இருந்தவை தலையணையில் தூங்கிப் பழகிய பூனைகள். அதிலும் ஒன்றல்ல, இரண்டு. அவை தைஸ்யாவின் பூனைகள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

தைஸ்யா லுக்யானின் மனைவி. மகளின் பிரசவத்துக்கு உதவ கிராஸ்னயார்ஸ்க் நகரத்துக்குப் போனவள். ஒரே ஒரு பெட்டிதான் கொண்டுபோனாள். பேரன் தவழட்டும் என்றாள், பிறகு நடக்கட்டும் என்றாள், பிறகு பாலர் பள்ளியில் இடம் கிடைக்கட்டும் என்றாள். அப்படியே மூன்று வருடம் ஓடிப்போயிற்று. சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். முன்பெல்லாம் லுக்யான் காட்டில் இருக்கும்போது பக்கத்துவீட்டு கிளாவ்தியா பூனைகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கோடையில் அவளும் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு நகரத்துக்குப் போய்விட்டாள். வேறு யாரிடமும் கேட்க லுக்யானுக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் கேட்டுப் பழகாத மனிதர். அப்பாவின் வேட்டைக்காடு அவருக்கு வந்தது, அப்பா கட்டிய குடிலும் வந்தது. அப்பா குள்ளம், வாசல் நிலையைத் தன் உயரத்துக்கு வைத்துவிட்டார். மகன் ஒட்டடைக்குச்சியாக வளர்ந்தார். ஐம்பத்தேழு வயதில் லுக்யானின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், ஆறிய காயத்தின் மேல் புதுக்காயம் எப்போதும் இருக்கும். நிலையை அறுத்து உயர்த்த ஒரு நாள் வேலைதான். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அதைச் செய்ய நினைப்பார். செய்யமாட்டார்.

காட்டுக் குடிலுக்குள் பெட்டியைத் திறந்துவிட்டதும் ஆண் பூனை நேரே மாவு மூட்டையின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆரஞ்சு நிறம், பெரிய தலை. தைஸ்யா அதற்கு ஜெனரல் என்று பெயர் வைத்திருந்தாள். சாம்பல் நிறப் பெட்டை டீம்கா கட்டிலுக்கடியில் புகுந்ததுதான், சில நாட்களுக்கு அதன் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. லுக்யான் அடுப்பு மூட்டுவார், கஞ்சி கிண்டுவார், மீன் சுத்தம் செய்து குடலைத் தட்டில் வைப்பார். ஜெனரல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். எலி அதன் மூக்குக்கு முன்னால் ஓடினாலும் அசையாது.

பிறகு ஒரு காலையில் அவர் கட்டிலைவிட்டு இறங்கியபோது ரோமப்பூட்சுகளுக்குப் பக்கத்தில் எலிகள் வரிசையாகக் கிடந்தன. பிடித்தது பயந்தாங்கொள்ளி டீம்கா. அன்றிலிருந்து அது கட்டிலுக்கு மேலே வந்தது. அவர் படுத்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சுருண்டுகொள்ளும்.

மாலையில் வேட்டைக்காரர்களுக்கு வயர்லெஸ் நேரம். ஒவ்வொருவர் குடிலும் அடுத்தவர் குடிலிலிருந்து இரண்டு நாள் தூரத்தில். பகலெல்லாம் நாயைத் தவிர வேறு யாரோடும் பேசாதவர்கள் அந்த நேரத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்குவார்கள். எங்கே எவ்வளவு பனி, யாருக்கு எத்தனை சோபொல், ஆறு உறைந்ததா இல்லையா. இவர்களில் வாய்த்துடுக்கு அதிகம் சவேலிக்கு. அவருடைய காடு லுக்யான் காட்டுக்கு மேலே, ஆற்றின் தலைப்பகுதியில். இருபது வருடமாக இருவரும் எல்லைக்காரர்கள். ஆனாலும் காட்டில் ஒருநாளும் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. சவேலிக்கு ஊரில் ஆளில்லாத ஒரு வீடு உண்டு. புத்தாண்டுக்குக்கூட அவர் அங்கே இறங்கி வருவதில்லை. லுக்யானுக்கு சவேலி என்றால் பெரும்பாலும் ஒரு குரல்.

"லுக்யான், உன் மகாராணிங்க எழுந்துட்டாங்களா? காப்பி குடுத்தியா?"

"கஞ்சி குடுத்தேன்."

"கஞ்சியா? நாளைக்கு மாஸ்கோவுக்குப் புகார் போயிடும் பாத்துக்க."

மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்களிலேயே இளையவன் தீமா, போன வருடம்தான் கல்யாணமானவன், கேட்பான்: "லுக்யான் மாமா, அந்தச் செவலை ஒரு எலியாவது புடிச்சுதா?"

"அவன் ஜெனரல்டா. அவன் புடிக்கமாட்டான். உத்தரவு மட்டும் போடுவான்."

லுக்யான் வாயிலிருந்து நகைச்சுவை வந்ததை யாரும் அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் இரைச்சல்தான் கேட்டது. அதன்பின் தினமும் பூனைச் செய்தி கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் சொல்ல ஆரம்பித்தார். ஜெனரல் அடுப்பில் வால் சுட்டுக்கொண்டது. டீம்கா நாயின் மூக்கைப் பிறாண்டிவிட்டு, அதே நாயின் முதுகில் ஒட்டிப் படுத்திருந்தது. பகலில் பனியில் நடக்கும்போதே, இன்று என்ன சொல்லலாம் என்று அவர் யோசித்துவைத்துக்கொள்வார்.

ஒரு மாலை, எல்லோரும் பேசி முடித்துப் போன பிறகு சவேலியின் குரல் தனியாக வந்தது. கிண்டல் இல்லாத குரல்.

"லுக்யான், இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்தச் சாம்பல் பூனை பக்கத்துல இருக்கா?"

"தோள்மேல இருக்கு."

"அது உறுமுமில்ல, சந்தோஷமா இருந்தா… அதைக் கொஞ்சம் மைக்கு கிட்ட வையேன்."

லுக்யான் வைத்தார். டீம்காவின் தொண்டையிலிருந்து வந்த குறுகுறுப்பு கம்பியில்லாமல் காட்டைத் தாண்டிப் போயிற்று. வெகுநேரம் கழித்து சவேலி, "பேட்டரி தீந்துடப் போவுது, எடு" என்றார்.

நவம்பரில் குளிர் இறுகியது. பொறிகள் வைத்த தடம் முழுக்கச் சுற்றி வர லுக்யானுக்குச் சில நாட்கள் ஆகும். வழியில் ஆங்காங்கே சின்னக் குடில்கள் உண்டு, அங்கே இரவு தங்கிக்கொள்வார். பெரிய குடிலில் அடுப்பு அணைந்தால் ஒரே இரவில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். ஆகவே பூனைகளுக்குப் பலகையில் கூடு செய்து, பழைய ஆட்டுத்தோல் கோட்டைக் கிழித்து உள்ளே அடைத்திருந்தார். போகும்போது தட்டு நிறைய மீன் வைப்பார். இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். அவர் வந்து அடுப்பு மூட்டியதும் வெளியே வந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்பதுபோல் கத்தும்.

கடைசிச் சின்னக் குடிலுக்குச் சற்று முன்னால் ஒரு ஓடை. மேலே பனி மூடியிருந்தது, அடியில் பனிக்கட்டி இல்லை. சறுக்குப்பலகையோடு இடதுகால் உள்ளே போனது. கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பின. எப்படியோ ஊர்ந்து குடிலுக்குப் போய், அடுப்பு மூட்டி, பூட்சைக் கத்தியால் அறுத்துக் கழற்றினார். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

மாலையில், கூடவே கொண்டுபோயிருந்த வயர்லெஸ்ஸில் சொன்னார். எலும்பு முறியவில்லை, விறகு இருக்கிறது, காய்ந்த ரொட்டி இருக்கிறது, யாரும் வர வேண்டாம்.

"சரி, அப்ப என்ன கவலை உனக்கு? குரலே சரியில்லையே" என்றார் சவேலி.

லுக்யான் தயங்கினார். "பூனைங்க பெரிய குடில்ல இருக்கு. மீனு நாளையோட முடிஞ்சிடும். குளிரும் ஏறுது."

சவேலி முந்திக்கொண்டார். "பூனைக்கு ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லவா? ஆள் காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கறான், பூனையாம் பூனை." சிலர் சிரித்தார்கள். லுக்யான் வயர்லெஸ்ஸை அணைத்தார்.

மறுநாள் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கதவுவரை தவழ்ந்து போய் வெளியே பார்த்தார். மரங்கள் குளிரில் வெடிக்கும் சத்தம் துப்பாக்கிச் சத்தம்போல் கேட்டது. வேட்டைக்காரனாக எத்தனையோ உயிரை எடுத்தவர்தான். ஆனால் கூட்டுக்குள் இரண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. தைஸ்யா வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதையே திரும்பத் திரும்ப நினைத்தார்.

அன்று மாலை சவேலி வயர்லெஸ்ஸில் வரவில்லை. அதற்கு அடுத்த மாலையும் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. தீமா பயந்துபோய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டான். கடைசியில், எல்லோரும் பேச்சை முடிக்கும் நேரத்தில், மூச்சு வாங்க அந்தக் குரல் வந்தது.

"லுக்யான்… உன் வீட்டு நிலையை எந்தக் குள்ளன்டா வச்சான்? மண்டை பொளந்துடுச்சு."

லுக்யான் வயர்லெஸ்ஸை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டும் உசுரோட இருக்கு. சாம்பல் கடிச்சிடுச்சு. செவலைக்கு நான் கொண்டாந்த மீனு புடிக்கலியாம். இப்ப அடுப்பு எரியுது. நீ காலைப் பாத்துக்க."

லுக்யான் நடந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வேட்டை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. போகிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். பூனைகளுக்கு மீன் வைத்துவிட்டு சவேலி எப்போதோ திரும்பியிருப்பார் என்றுதான் லுக்யான் நினைத்தார். ஆனால் மரங்களுக்கு நடுவே பெரிய குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழுந்துகொண்டிருந்தது.

உள்ளே தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தது. மேசையில் மீன் அடைத்த வட்ட ரொட்டி, துணி மூடி வைத்திருந்தது. சவேலி நெற்றியில் கட்டோடு உட்கார்ந்து கிழிந்த கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தார். நினைவில் இருந்ததைவிட மெலிந்த உருவம். பற்கள் பாதி இல்லை. ஆணியில் தொங்கிய அவருடைய பஞ்சுச்சட்டையின் கைக்குள்ளிருந்து டீம்காவின் தலை எட்டிப் பார்த்தது. அதற்குள் தூங்கப் பழகியிருந்தது.

"உக்காரு. கால் எப்படி இருக்கு?"

"பரவால்ல."

சாப்பிட்டார்கள். வயர்லெஸ்ஸில் வாய் மூடாத மனிதர் நேரில் அதிகம் பேசவில்லை. அம்மா இறந்தபின் வீட்டில் தங்கப் பிடிக்கவில்லை என்று சொன்னார். நாய்கள் வெளியே படுப்பவை, அவற்றை உள்ளே விட்டால் வேலைக்கு ஆகாது என்றார். பிறகு டீயை ஊற்றிக்கொண்டே, லுக்யானைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணு எனக்குக் குடு. சாம்பலைக் குடு."

லுக்யான் இதை எதிர்பார்க்கவில்லை. "அது தைஸ்யாவோடது, சவேலி."

"தெரியும்."

"அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"வருவாளா?"

கேட்டுவிட்டு சவேலியே கோப்பையைக் கீழே வைத்தார். லுக்யான் அடுப்புக்கு விறகு போட எழுந்தார். அடுப்பில் விறகு நிறையவே இருந்தது. அங்கிருந்தே லுக்யான், "குடுக்க முடியாதுன்னா முடியாதுதான்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் சவேலி கிளம்பிவிட்டார். சட்டைக்குள்ளிருந்து டீம்காவை எடுத்துக் கட்டிலில் விட்டு, கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போனார். லுக்யான் தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகும் சவேலி மாலையில் வந்தார். எவ்வளவு பனி, எவ்வளவு குளிர் என்று சொல்வார். தீமா பூனைகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால், "பேட்டரி கம்மி" என்று போய்விடுவார். லுக்யானும் பூனைக் கதையைச் சுருக்கினார். பிறகு நிறுத்திவிட்டார். தனக்காக இரண்டு நாள் பனியில் நடந்துவந்த மனிதனுக்கு ஒரு பூனை தர மனம் வரவில்லையே என்று பொறிகளுக்கு நடுவே நடக்கும்போது குன்றிப்போவார். குடிலுக்குத் திரும்பி இரண்டையும் பார்த்தால், சரியாகத்தான் சொன்னேன் என்று தோன்றும்.

புத்தாண்டுக்கு மோட்டார் பனிவண்டியில் ஊருக்கு இறங்கினார். பெட்டியில் பூனைகளும் வந்தன. வீடு காடு போலக் குளிர்ந்து கிடந்தது. அடுப்பு சூடேறியதும் தொலைபேசியை எடுத்தார்.

"லுக்யாஷா! வந்துட்டியா? உடம்பு எப்படி இருக்கு? கால் சுளுக்குன்னு தீமாவோட பொண்டாட்டி சொன்னா." தைஸ்யாவின் குரலுக்குப் பின்னால் குழந்தைச் சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் கேட்டன.

அவர் காலைப் பற்றிச் சொன்னார். பிறகு சவேலி வந்ததைச் சொன்னார், பூனை கேட்டதையும் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அட, குடுத்திருக்கலாமே" என்றாள் தைஸ்யா. அவள் குரலில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. "பாவம் அந்த ஆளு. ரெண்டையுமே குடுத்துடு லுக்யாஷா, உனக்கும் தொல்லை விட்டுது. எனக்கு இனி எதுக்குப் பூனை? இங்க குட்டிப் பையனுக்கு ரோமம் ஒத்துக்காது. நாங்க கிளி வாங்கியிருக்கோம், தெரியுமா? பச்சைக்கிளி. இரு, அவனைப் பேசச் சொல்றேன்."

பேரன் பேசினான். கிளியின் பெயரைச் சொன்னான், அது கடித்ததைச் சொன்னான். லுக்யான் "ஆமாடா கண்ணு, ஆமாடா" என்றார். மறுபடியும் தைஸ்யா வந்து, கம்பளி உள்சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள், புத்தாண்டு வாழ்த்துச் சொன்னாள். அவரும் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு அதன்மேல் கைவைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பண்டிகைக்கென்று தீமாவின் மனைவி கொண்டுவந்து தந்த இறைச்சிக் கொழுக்கட்டைகள் பானையில் வெந்து கரைந்துபோயின.

மற்றவர்கள் இன்னும் ஊரில் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காட்டுக்குத் திரும்பினார். பெரிய குடிலில் ஜெனரலை விட்டு, மீன் வைத்து, டீம்காவைக் கோட்டுக்குள் மார்போடு கட்டிக்கொண்டு ஆற்றின் மேலே போனார். பனிவண்டி போகும்வரை போனார், பிறகு சறுக்குப்பலகையில் நடந்தார். வழி நெடுக டீம்கா அசையவே இல்லை. அதன் இதயம் தன் இதயத்துக்குப் பக்கத்தில் வேகமாக அடிப்பது தெரிந்தது.

சவேலியின் குடில் காலியாக இருந்தது. ஆள் தடத்தைச் சுற்றப் போயிருந்தார். லுக்யான் அடுப்பு மூட்டினார், பனியை உருக்கித் தண்ணீர் வைத்தார். ஒரே கட்டில், ஒரே கோப்பை, ஒரே தட்டு. தட்டில் டீம்காவுக்கு மீன் போட்டார். இருட்டும் வேளையில் நாய்களின் சத்தம் கேட்டது. பிறகு சறுக்குப்பலகையின் ஓசை. அது வாசலுக்கு வெளியே நின்றது. கதவு திறக்கவில்லை. லுக்யான் காத்திருந்தார். தன் புகைபோக்கியில் புகையைப் பார்த்தபடி அந்த மனிதர் ஏன் அப்படி நிற்கிறார் என்று லுக்யானுக்குப் புரிந்தது. சவேலி வந்து மூட்டும்வரை, தன் அடுப்பைத் தனக்காக யாராவது மூட்டிவைத்து லுக்யானுக்கும் வருடங்கள் ஆகியிருந்தன.

சவேலி உள்ளே வந்தார். புருவமெல்லாம் பனி. கட்டிலின்மேல் இருந்த டீம்காவைப் பார்த்தார்.

"தைஸ்யா என்ன சொன்னா?"

"குடுக்கச் சொன்னா. ரெண்டையுமே."

எப்படியும் ஒரு குத்தல் வரும் என்று லுக்யான் தயாராக இருந்தார். சவேலி தொப்பியைக் கழற்றினார். ஈரக் கையுறைகளை அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிட்டார்.

"ரெண்டு வேணாம். ஒண்ணு போதும். நீயும் தனியாத்தானே இருக்க" என்றார்.

அன்று அவர் கட்டிலை லுக்யானுக்குத் தந்துவிட்டுத் தரையில் படுத்தார். டீம்கா இருவருக்கும் நடுவில் அங்குமிங்கும் நடந்துவிட்டு, கடைசியில் அடுப்புக்கடியில் படுத்துக்கொண்டது.

காலையில் லுக்யான் கிளம்பியபோது, ஓடைவரை வருகிறேன் என்று சவேலியும் கூட வந்தார். ஓடை வந்தது. அந்தப் பாறைவரை வருகிறேன் என்றார். பாறையும் போயிற்று. பொறிகளைப் பற்றிப் பேசினார்கள், இந்த வருடம் அணில் குறைவு என்பதைப் பேசினார்கள். இருவர் காட்டுக்கும் எல்லையாக அடையாளம் வெட்டிய மரத்தருகே நின்றார்கள். அதற்குமேல் சவேலி வர ஒரு காரணமும் இல்லை.

"சரி, போ. பூனை குளுந்து கெடக்கும்" என்றார்.

"சாயங்காலம் பேசு."

"பேசறேன்."

குடிலுக்கு வந்தபோது ஜெனரல் கூட்டைவிட்டு வெளியே வந்தது. ஆனால் வழக்கம்போல் மூட்டையில் ஏறவில்லை. லுக்யானின் கோட்டை மோந்து பார்த்தது, கட்டிலுக்கடியில் பார்த்தது, கதவுக்குப் போனது. சில நாட்கள் அப்படியே தேடியது. பிறகு விட்டுவிட்டது. எலிகள் மறுபடி துணிந்து வெளியே வந்தன. லுக்யான் மாவு மூட்டையை உத்தரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்.

மாலைகளில் சவேலி டீம்காவைப் பற்றிச் சொன்னார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல். மற்றவர்கள் ஆவலாகக் கேட்டார்கள், சிரித்தார்கள். லுக்யானும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் பேசிய பிறகு தீமா கூப்பிட்டான்.

"லுக்யான் மாமா, உங்க பக்கம் என்ன சேதி?"

லுக்யான் சுற்றிப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெனரல் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லடா. பனி பெய்யுது" என்றார். ஆனாலும் வயர்லெஸ்ஸை அணைக்காமல், ஒவ்வொருவராக விடைபெற்றுப் போய் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.